மேட்டில் விழுந்த குண்டு

“நீ படிப்ப எடுத்துக்கிட்ட. துப்பாக்கிய நான் எடுத்துக்கறேன்.”

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த வாரத்தில் என் அண்ணன் கோல்பி சமையலறையில் நின்றபடி சொன்னது இது. ஏதோ அப்பா அலமாரியைத் திறந்து, படிப்பை என் கையிலும் துப்பாக்கியை அவன் கையிலும் வைத்துவிட்டுப் போனது மாதிரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரவெல்லாம் கோழித் தொழிற்சாலையில் இறக்கை வெட்டிவிட்டுப் பகலில் இயந்திரவியல் படித்தேன். யாரும் எனக்குப் படிப்பை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். நான் பிட்ஸ்பர்கில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் அப்பாவை வண்டியில் கூட்டிப் போனவன் அவன். துப்பாக்கியின் பழைய குழல் தேய்ந்தபோது தன் பட்டறையில் புதுக் குழல் கடைந்து மாட்டியவனும் அவன்தான். நானோ சின்ன வயதிலிருந்து அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெடிமருந்து நிறுத்துப் போட்டவள். துப்பாக்கி ஒன்றே ஒன்று. அறுத்துப் பங்கு போட முடியாது.

எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள் இதற்கு வக்கீலைத் தேட மாட்டார்கள். பருவத்தின் கடைசிப் போட்டியில் தீர்த்துக்கொள்வது என்று பேசினோம். ஆயிரம் கெஜம். அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஆளுக்கு ஒரு சுற்று, ஐந்து குண்டு. காகிதத்தில் விழும் ஐந்து ஓட்டைகளில் அதிகம் விலகி நிற்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். யாருடைய இடைவெளி சிறியதோ துப்பாக்கி அவருக்கு.

போட்டியை நடத்தும் டார்லீன் காப்பி டப்பாவில் கைவிட்டுச் சீட்டு எடுத்தாள். கோல்பிக்கு முதல் சுற்று. மூடுபனி விலகிய நேரம். காற்றைக் காட்டும் கொடிகள் ஈரத்துணி மாதிரி தொங்கின. ஐந்தேகால் அங்குல இடைவெளியில் சுட்டான். ஆயிரம் கெஜத்தில் அது சின்ன விஷயமில்லை. என் சுற்று மதியத்துக்குச் சற்று முன்பு. அதற்குள் காற்று எழுந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் கிளப்பில் காலையில் சுட்டவர்கள் அப்புறம் குழிக்குப் போக வேண்டும். இலக்குப் பலகைகளுக்குக் கீழே, கான்கிரீட் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பலகையை இறக்கி ஏற்றும் வேலை. எனக்கு நாலாம் நம்பர் பலகை விழுந்தது. நாலாம் நம்பர் குழியில் கோல்பி.

“வேற ஆளப் போடவா?” என்று டார்லீன் கேட்டாள்.

“ஏன், பயமா இருக்கா இவளுக்கு?” என்றான் கோல்பி. வாயில் பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை. உதடெல்லாம் சிவப்பு.

“மாத்த வேணாம்” என்றேன். வீம்பு. வேறென்ன.

அவன் குழி வண்டியின் பின்னால் ஏறிப் போனான். அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

காரணம் இதுதான். எண்ணிக்கையில் சேரும் ஐந்து குண்டுக்கு முன்னால் பழகிப் பார்க்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் குழியில் இருப்பவன் பலகையை இறக்கி, ஓட்டையில் ஒரு ஆரஞ்சு வில்லையைச் செருகி மேலே ஏற்றுவான். அவ்வளவு தூரத்தில் ஓட்டை என் கண்ணுக்குத் தெரியாது. வில்லை தெரியும். காற்று குண்டை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுகிறது என்று அந்த வில்லையை வைத்துத்தான் கற்றுக்கொள்வோம். வில்லையை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். நான் தப்பாகக் கற்றுக்கொண்டு தப்பான பக்கம் திருத்துவேன். என் ஓட்டைகள் காகிதமெங்கும் சிதறும். அவனுக்குத் துப்பாக்கி.

“என்னம்மா காலேஜு, கணக்குப் போட்டு முடிச்சிட்டியா?” அடுத்த பெஞ்சில் சுட உட்கார்ந்திருந்த ரஸ் ஹெக்மன் கேட்டார். அப்பாவோடு இருபது வருஷம் சுட்டவர். நான் பட்டம் வாங்கியதிலிருந்து என் பெயரை மறந்துவிட்டார்.

“உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன் ரஸ். விடை தேறல.”

அவர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் தாங்கும் மணல் பையைத் தட்டினார்.

டார்லீன் சுடச் சொன்னாள்.

முதல் குண்டைக் காற்று ஓய்ந்த நொடியில் விட்டேன். பலகை இறங்கி ஏறியது. வில்லை நடுவில். சரி. அடுத்து, எனக்கு முன்னால் இருந்த கொடிகள் இடமிருந்து வலமாக விறைத்து நின்றபோது நடுவிலேயே குறி வைத்து விட்டேன். காற்று வலப்பக்கம் அடிக்கிறது. குண்டு வலப்பக்கம் போக வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை.

பலகை ஏறியது. வில்லை இடப்பக்கம் இருந்தது.

மறுபடி சுட்டேன். கொடி அதே மாதிரி, குறி அதே மாதிரி. வில்லை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.

காது சூடாகியது. துப்பாக்கிக்கு அருகில் அடிக்கிற காற்றுதான் குண்டை அதிகம் திருப்பும் என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அருகிலிருக்கிற கொடிகள் வலப்பக்கம் என்கின்றன. என் அண்ணன் இடப்பக்கம் என்கிறான். சமையலறையில் நின்று ‘நீ படிப்ப எடுத்துக்கிட்ட’ என்று சொன்ன அதே முகம் குழிக்குள் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்த மாதிரியே இருந்தது.

ஒரு வழி இருந்தது. பலகைகளுக்குப் பின்னால் மண்மேடு. அதில் பலகைக்கு மேலே ஒரு வெள்ளைக் கல் தெரியும். அந்தக் கல்லைக் குறிவைத்துச் சுட்டால் எங்கே புழுதி கிளம்புகிறது என்று என் கண்ணாலேயே பார்க்கலாம். யாருடைய வில்லையும் தேவையில்லை. விதிப்படி தப்பும் இல்லை.

ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள். குழியில் ஆள் குறி காட்டிக்கொண்டிருக்கும்போது மேட்டில் சுட்டால் ஒரே அர்த்தம்தான். அவனை நம்பவில்லை என்று அத்தனை பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்ன மாதிரி. ரஸ் ஒருமுறை தன் மச்சினன் குழியில் இருந்தபோது அப்படிச் சுட்டார். அந்த மச்சினன் இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடி மறுபடி விறைத்தது. குழலைக் கொஞ்சம் உயர்த்தினேன். வெள்ளைக் கல் துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் வந்தது. விசையைத் தொட்டேன்.

புழுதி கல்லுக்கு இடப்பக்கம் கிளம்பியது.

இடப்பக்கம். கோல்பி காட்டிய அதே அளவு.

பெஞ்சுகளில் பேச்சு நின்றுவிட்டது. ரஸ் தன் குறிக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“மேட்டுலயா சுட்ட?”

ஏன் இடப்பக்கம் என்று தேடினேன். பாதி வழியில், ஓடை ஓடும் பள்ளத்தில், மேப்பிள் இலைகள் வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. நிஜக் காற்று அதுதான். நாங்கள் உட்கார்ந்திருக்கும் கொட்டகைச் சுவரில் மோதித் திரும்பிய சுழலைத்தான் அருகிலிருந்த கொடிகள் காட்டிக்கொண்டிருந்தன. என் பாடப்புத்தகத்தில் கொட்டகை இல்லை.

பழக இன்னும் ஒரு குண்டுக்கு நேரமிருந்தது. இலைகளைப் பார்த்து, வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்து, காகிதத்தில் விட்டேன். பலகை இறங்கியது. நிறைய நேரம் கீழேயே இருந்தது. பிறகு ஏறியது. வில்லை நடுவில்.

புதுக் காகிதம் ஏற்றினார்கள். இனி வில்லை கிடையாது. ஐந்து குண்டு, பத்து நிமிஷம்.

இலைகள் வெளுத்து நின்றவரை மூன்றை அடுத்தடுத்து விட்டேன். துப்பாக்கியின் தாழான போல்ட்டை இழுத்து, காலித் தோட்டாவை எடுத்து வைத்து, அடுத்ததைத் தள்ளி, மூச்சை விட்டு, விசை. நாலாவதைக் கையில் எடுத்தபோது இலைகள் பச்சையாகின. காற்று செத்துவிட்டது. இப்போது சுட்டால் வலப்பக்கம் தனியாகப் போய் உட்காரும்.

காத்திருந்தேன். தோட்டாவை உள்ளே தள்ளவில்லை. சூடான குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மருந்து வெந்து குண்டு மேலே போகும். அதைக் கையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் வழுக்கியது. ரஸ் ஐந்தையும் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெஞ்சாக முடித்து என்னையே பார்த்தார்கள்.

இலைகள் வெளுத்தன. நாலாவது போனது.

மறுபடி பச்சை.

“ஒரு நிமிஷம்” என்றாள் டார்லீன்.

பச்சை. எனக்கு முன்னாலிருந்த கொடிகள் மட்டும் வலப்பக்கம் படபடத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டன. நான் பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்து மரத்தில் ஒரு கிளை அசைந்தது. பக்கத்துக் கிளையும் அசைந்தது. தோட்டாவை உள்ளே தள்ளினேன். மரம் முழுக்க வெளுத்தது. விட்டேன்.

“போதும். போல்ட்ட வெளிய எடுங்க.”

குழி வண்டி வந்தது. என் காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்தபடி கோல்பி இறங்கினான். என்னிடம் தரவில்லை. நேரே டார்லீனின் மேஜைக்குப் போய் விரித்தான். அவள் அளவுகோலை வைத்து ஒருமுறை பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள்.

“நாலே முக்கால்.”

துப்பாக்கி எனக்கு. கத்த வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

கோல்பி தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினான். மண் கொட்டியது. சட்டைக் காலரைப் பிடித்து உதறினான். அதிலிருந்தும் கொட்டியது.

“கல்லையாடி சுட்ட?”

“ஆமா.”

“என்னைய நம்பல.”

“கொடி ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. ஜெயிச்சா துப்பாக்கி உனக்கு. என் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணிருப்ப?”

அவன் யோசித்தான். “மேட்டுலதான் சுட்டிருப்பேன்” என்றான். பிறகு, “ஆனா நான் அங்க இல்லயே. குழியிலதான இருந்தேன். மண்ணு என் தலையிலதான விழுந்துச்சு.”

தொப்பியைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டான்.

“அதுக்கப்புறம் காகிதத்துல ஒண்ணு விட்ட பாரு. கச்சிதமா நடுவுல. வில்லைய ஓரத்துல குத்தலாம்னு கையில வெச்சிக்கிட்டு நின்னேன். பக்கத்துக் குழிக்காரன் பாத்துக்கிட்டே இருந்தான். அவன் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டான். மேட்டுல சுட்டவளுக்கு அதுதான் மரியாதைன்னு இருந்திருப்பான்.”

“அப்புறம் ஏன் குத்தல?”

“தெரியலடி. ஓட்ட நடுவுல இருந்துச்சு.”

மன்னிப்புக் கேட்கவில்லை நான். கேட்டிருந்தால் அது பொய். நாளைக்கே அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தாலும் அந்தக் கல்லைத்தான் சுடுவேன். அன்று அவன் பொய் காட்டியிருந்தால் இதே கிளப் முழுக்க என்னைக் கெட்டிக்காரி என்றிருக்கும். அவன் நேர்மையாக இருந்ததுதான் என்னைக் கெட்டவளாக்கிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

துப்பாக்கியை அவனே தூக்கிக்கொண்டு வந்து என் வண்டியில் வைத்தான். பெட்டியை மூடுமுன் குழலை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

“இது இன்னும் ஒரு பருவம் தாங்கும். அப்புறம் புதுசு கடையணும்.”

“கடைஞ்சு தருவியா?”

“கடையில போய்க் கேளு” என்றான். தன் வண்டிக்கு நடந்தான்.

ரஸ் மணல் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். “கிறிஸ்துமஸுக்கு ஒரு நாற்காலி குறைச்சுப் போட்டுக்கோ டெஸ்ஸா” என்றார். அன்றுதான் அவருக்கு என் பெயர் ஞாபகம் வந்தது.