தூள்தான்க்கா

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் என் மனைவி அலுத்துக்கொண்டதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. (ஒட்டெல்லாம் கேட்கவில்லை, என்னிடம்தான் பேசினாளாம். நான் காது கொடுப்பதே அபூர்வம் என்பதால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.)

அவள் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபத்து மதிப்பீட்டாளர். புதுப் பொருள் வெளியே போகுமுன் அது தோலை அரிக்குமா, கண்ணை எரிக்குமா என்று சொல்ல வேண்டும். இப்போது அவள் மேசையில் இருப்பது பயிருக்குப் போடும் ஓர் உலோகத் தூள். பெயரைச் சொன்னால் அவள் வேலை போய்விடும். அப்புறம் என் எழுத்தை நம்பித்தான் குடும்பம் நடக்க வேண்டும். தூள் என்றே வைத்துக்கொள்வோம்.

2

முதல் தொடக்கம்: "மூட்டை கட்டும் கூடமெங்கும் தூள் மிதந்தது. அதன் நடுவே ஒரு பெண்ணின் கண்கள் மட்டும்..."

வேண்டாம். 'கண்கள் மட்டும்' என்று ஆரம்பித்தால் அடுத்து கவிதை வந்து நிற்கும்.

அந்தப் பெண் என் கொழுந்தியாள், மனைவியின் ஒரே தங்கை. அதே தொழிற்சாலையில் மூட்டை கட்டுகிறாள். கொஞ்ச நாளாக அவள் கண் சிவந்தே இருக்கிறது.

"என்னடி கண்ணு இப்படி இருக்கு?"

"தூள்தான்க்கா. வேறென்ன? அதைப் போய் எங்கயும் எழுதி வச்சிடாத."

அந்த 'வேறென்ன'வில்தான் என் மனைவி மாட்டிக்கொண்டாள். தங்கையின் கணவன் வீட்டுக்கு வருவதில்லை என்று அரசல் புரசலாக அவள் காதில் விழுந்திருந்தது.

3

கொஞ்சம் வேதியியல். (தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் குழப்பம் இங்கேதான் இருக்கிறது.)

இந்தத் தூளில் ஒரு மூலக்கூறு உலோகத்தை நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல் கவ்வியிருக்கிறது. புத்தகத்தில் கொடுக்கிணைப்பு என்பார்கள். பிடி இறுகியிருந்தால் உலோகம் சாது, தளர்ந்தால் கடிக்கலாம். பிடி தளர்ந்த குடும்பத்தில் தனியாக விடப்பட்ட ஒரு பெண்ணைப் போல...

(இந்த வாக்கியத்தை மனைவி அடித்துவிட்டாள். "என் தங்கச்சி என்ன உலோகமாங்க?")

இந்தத் தூளை இதுவரை யாரும் சோதித்ததில்லை. அப்படியானால் சொந்தக்காரர்களை விசாரிப்பார்கள். அதே கொடுக்கு வேறு உலோகங்களைப் பிடித்த தூள்கள் இரண்டு உண்டு. தோலை இரண்டுமே ஒன்றும் செய்யவில்லை, அதுவரை நிம்மதி. கண் விஷயத்தில் ஒன்று பரம சாது, இன்னொன்று சிவக்கச் சிவக்க எரித்திருக்கிறது. நம்முடையது யாரைக் கொண்டு பிறந்திருக்கிறதோ தெரியவில்லை.

ஆகவே மனைவி தூளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே கண்ணின் மேற்பரப்பைப் போன்ற திசுவைக் கிண்ணத்தில் வளர்த்து அதன்மேல் தூளைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தத் திசுவுக்கு வீடு இல்லை, கணவன் இல்லை. அது அழாது.

(மனைவி: "அதனாலதான் அதை நம்புறோம்.")

4

முடிவு வரும்வரை அறிக்கையில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது: தொழிலாளர்களுக்குக் கண் எரிச்சல் உண்டா? உண்டு என்று எழுதினால் முடிவு தெரியும்வரை தங்கையைச் சம்பளமில்லாமல் வீட்டில் நிறுத்துவார்கள். கணவன் போய்விட்டான் என்பது நிஜமானால் அவளுக்கு இருப்பது அந்தச் சம்பளம் மட்டும்தான். இல்லை என்று எழுதி, குற்றம் தூளுடையதாக இருந்துவிட்டால், எங்கெங்கோ யார் யாரோ வெறுங்கண்ணோடு அந்த மூட்டையைப் பிரிப்பார்கள்.

நான் துப்பறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் கொழுந்தியாளைப் பார்த்தேன். கண் சிவப்பு. அன்று தொழிற்சாலை விடுமுறை. வெற்றியோடு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"ஒரு நாள்ல ஆறிடுமா? எரிச்சல் வாரக்கணக்குல கூட இருக்கும்ங்க," என்றாள் மனைவி.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா தூளுன்னுதான் சொல்வா. எனக்கு ஒண்ணுன்னா நானும் அவகிட்ட அப்படித்தான் சொல்வேன்."

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். கதாபாத்திரம் பொய் சொல்கிறதா என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

5

முடிவு அ: தூள் கண்ணை எரிக்கும். தங்கை சொன்னது உண்மை, எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, சுபம். ஆனால் தூள் எரிக்கும் என்பதால் அவள் அழவில்லை என்று ஆகிவிடுமா?

முடிவு ஆ: எரிக்காது. மேலாளர் மகிழ்வார். என் மனைவி செருப்பைக்கூட மாட்டாமல் தங்கை வீட்டுக்கு ஓடுவாள்.

முடிவு இ:

"அது எரிக்கணும்னு இருக்குங்க எனக்கு," என்றாள் மனைவி. "இத்தன வருஷத்துல எந்தப் பொருளும் கெட்டதா இருக்கணும்னு நான் நெனச்சதே இல்ல."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முடிவு இ-யை எழுதவில்லை.

6

இன்று சாயங்காலம் பரிசோதனைக் கூடத்திலிருந்து மெயில் வந்தது. அவள் மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டு விரலைக் கொண்டுபோகவும் அழைப்பு மணி அடித்தது. வாசலில் கொழுந்தியாள்.

"வாடி, வாம்மான்னு யாராச்சும் கூப்பிடுறீங்களா பாரு," என்று தானே சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அப்புறம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரிசல்ட்டு வந்துருச்சாக்கா?"

என் மனைவி மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டாள். தங்கையின் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இன்னும் வரலடி. அது என்னவோ சொல்லிட்டுப் போகட்டும். நீ சொல்லு."

கொழுந்தியாளின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்காவும் தங்கையும் சமையலறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எழுதுகிறவன் வெளியே இருக்கிறேன். உள்ளே யாரோ அழுகிறார்கள். இருவர் குரலும் ஒரே குரல். யார் என்று தெரியவில்லை. மெயில் இன்னும் தடித்த எழுத்தில் என் முன்னால் இருக்கிறது. நான் திறக்க மாட்டேன். சமையலறைக் கதவு திறக்குமுன் நீங்கள் வேண்டுமானால் மெயிலைத் திறந்து பாருங்கள். அவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.