ஜாமீன்காரி

ரெக்ஸின் சுருள்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தான் தம்பி. வெட்டு மேசை காலியாக வேண்டும். உடலைச் சுற்றும் கஃபன் துணியை விரித்து அளக்க வீட்டில் அவ்வளவு நீளமான இடம் வேறு இல்லை. நேற்று மாலைவரை அந்த மேசையில் அக்கா ஒரு பள்ளிக்கூட வேனுக்கு சீட் கவர் வெட்டிக்கொண்டிருந்தாள். முன் இருக்கைகள் இரண்டும் முடிந்திருந்தன. பின்வரிசைத் துண்டுகளை அவன் கலைந்துவிடாமல் அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்தான். யார் தைக்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. கை அதுவாகவே செய்தது.

விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்த அக்கா, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். ஐம்பத்துநாலு வயது. பிள்ளை இல்லை. புருஷன் போய் இருபது வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து தம்பி வீட்டு முன்னறைதான் அவளுடைய பட்டறை, படுக்கை எல்லாம்.

மேசை காலியானதும் பெண்கள் உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவள் போர்வைக்காரி. விடுதிகளின் போர்வைகளையும் விரிப்புகளையும் வாங்கிவந்து கையால் துவைத்துக் கொடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். செய்தி கேட்டதும் இரண்டு வாளிகளோடு வந்தவள்தான், இன்னும் உட்காரவில்லை. குளிப்பாட்டுவதற்கு அவளே முன்னின்றாள். அவனுடைய மனைவி அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொடுத்தாள். அவனை வெளியே போகச் சொன்னார்கள்.

வாசலில் இமாம் காத்திருந்தார். மதியத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை, என்று முடிவாகியிருந்தது. அவனைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் பொறுப்பு. தொழுகைக்கு முன்னாடி அக்காவோட கடன் விஷயத்தைச் சபையில சொல்லிடணும். யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தா உங்ககிட்ட வரச் சொல்லிடுங்க."

அவன் தலையாட்டினான். அக்கா கடன்காரி இல்லை. அதைவிட மோசம், ஜாமீன்காரி.

பள்ளிவாசலில் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று இருந்தது. வாங்கியது எவ்வளவோ அவ்வளவையே தவணையாகத் திருப்பிக் கட்டினால் போதும். ஒரு பைசா கூடுதலாகக் கிடையாது. அடமானமும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வாங்கியவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். புருஷன் போன புதிதில் அக்கா நாள் வாடகைக்குத் தையல் மெஷின் எடுத்து, சம்பாதித்ததில் பாதியை வாடகைக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். நிதியில் கடன் வாங்கி, தடித்த ரெக்ஸின் தைக்கும் பெரிய மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கினாள். ஒன்றரை வருஷத்தில் கடனை அடைத்தாள். அதற்கடுத்த வருஷம் வீட்டின் ஒழுகுகிற கூரையை மாற்றியது அவள் பணம். அவன் மகளின் கல்லூரிக் கட்டணமும் அவள் பணம்தான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் ஜாமீன் போட ஆரம்பித்தாள். அக்கா போடும் கையெழுத்தில்தான் பேனா கம்பெனிக்காரன் மாடிவீடு கட்டுகிறான் என்று அவன் கேலி செய்வான். ஊரான் கடனுக்குத் தலையைக் கொடுக்காதே என்று சண்டையும் போட்டிருக்கிறான். அவள் பல்லில் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, சரிடா என்பாள். மறுநாள் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஊர்க்கதை பேசப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

அவனுக்கும் ஒரு காலத்தில் சொந்த வேன் இருந்தது. வட்டிக்கு வாங்கிய பணம். வட்டி குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டு, ஒருநாள் வேனையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன்பே அக்கா, நிதியில் கேள், நான் ஜாமீன் நிற்கிறேன் என்றாள். அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கினான் என்று ஊர் சொல்லுமே என்று மறுத்துவிட்டான். இப்போது பதினொரு வருஷமாக இன்னொருவர் வேனுக்கு டிரைவர்.

பள்ளிவாசலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில்தான் நிதியின் செயலாளர் உட்காருவார். ஓய்வுபெற்ற தபால்காரர். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவன் எதிரே உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் கேட்டான். அக்கா பெயரில் பாக்கி எதுவும் இல்லை, கடைசிக் கடனைப் போன மாதமே முடித்துவிட்டாள் என்றார். ஜாமீன் நின்றது பதினொரு பேருக்கு.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். ஜாமீன் போட்டவர் இறந்துவிட்டால் கடன் வாங்கியவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். வாரிசு தலையில் அது விழாது.

அவனுக்கு மூச்சு வந்தது. எழுந்தவன், எழுந்த வாக்கில் கேட்டான். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கட்டாமல் போனார்கள்?

"நூத்திப் பத்துப் பேருக்கு மேல போட்டிருக்காங்க. ரெண்டு பேர். ஒருத்தர் மூணு வருஷம் கழிச்சு வந்து கட்டினாரு. இன்னொருத்தருக்கு விபத்து, படுத்த படுக்கையாயிட்டாரு. அதை அக்காவே எட்டு மாசம் ராவும் பகலும் தைச்சுக் கட்டினாங்க."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க திட்டுவீங்கன்னாங்க." செயலாளர் லேசாகச் சிரித்தார். "ஆளைப் பாத்து அவங்க கையெழுத்துப் போடலை தம்பி. வீட்டுக்கு நடந்துபோவாங்க. மெஷினை எங்க வைப்பீங்க, யாரு ஓட்டுவா, மழை பெஞ்சா நனையுமான்னு கேப்பாங்க. பதில் சரியா இருந்தாத்தான் பேனாவைத் திறப்பாங்க."

அப்படியானால் அந்தச் சாயங்காலங்கள். அவன் அலமாரியில் இருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கிளம்பும்போது செயலாளர் மேசைமேல் இருந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தார். இன்று மாலை கமிட்டி கூடுகிறது, இதற்கு இரண்டாவது ஜாமீன் அக்காதான் போடுவதாக இருந்தது, இனி இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அவன் எட்டிப் பார்த்தான். பழைய பெரிய வாஷிங் மெஷின் ஒன்று வாங்க. விற்பவர் நாளைவரைதான் காத்திருப்பார் என்று கீழே குறிப்பு இருந்தது. விண்ணப்பித்தவள் போர்வைக்காரி.

விடிந்ததிலிருந்து அவள் அவன் வீட்டில்தான் இருக்கிறாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவின் ஜனாஸாவை முன்னால் வைத்தார்கள். வரிசைகள் நேரானதும் இமாம் அவனைப் பார்த்தார். அவன் கூட்டத்தை நோக்கித் திரும்பினான். இரண்டாம் வரிசையில் சைக்கிள் கடைக்காரர். அவர் பக்கத்தில் பூட்டுச் சாவி செய்பவர். தூண் ஓரத்தில், முட்டை வண்டிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூவரும் அக்கா ஜாமீன் போட்டவர்கள் என்று அவனுக்குத் தெரியும். இவர்கள் கடைகளைத் தாண்டித்தான் அவன் தினமும் வேனை ஓட்டிக்கொண்டு போகிறான். எல்லாக் கடைகளும் காலை எட்டு மணிக்கு டாணென்று திறந்திருக்கும். ஏன் என்று ஒருநாளும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்க அக்கா யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தா என்கிட்ட வந்து கேளுங்க, நான் கொடுக்கிறேன்" என்றான். அதோடு முடித்துவிட்டுத் திரும்புவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தொழுகையைத் தொடங்க இமாம் கையைக்கூட உயர்த்தப் போனார்.

"அவங்க பதினொரு பேருக்கு ஜாமீன் நின்னாங்க. அந்தப் பதினொரு பேரும் வேற ஆளைத் தேட வேண்டாம். நான் நிக்கிறேன்."

சைக்கிள் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தொழுகை தொடங்கியது.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், கூடவே நடந்துவந்தார். மண் ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டே, துக்கத்தில் வாய்விட்டுவிட்டாய், நாளைக்கே செயலாளரிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லி விலகிக்கொள் என்றார். பதினொரு பேர் பாரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள நீ என்ன பெரிய முதலாளியா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நேற்றுவரை அவனும் இதையேதான் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாதிப் பேரு இப்ப என்கூடத்தான் மச்சான் மண்ணு தள்ளினாங்க. எங்க ஓடிடப் போறாங்க" என்றான்.

மச்சான் கையில் மிச்சமிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். பிறகு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

வீட்டுக்குப் பின்னால் போர்வைக்காரி வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரிலேயே கிடந்து வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்த கைகள். அவனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மெஷின் வைக்கிற இடத்தைப் பாக்கணும்" என்றான் அவன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு வேண்டாம்ணே."

"கமிட்டி இன்னிக்குத்தானே."

கைகளைப் புடவையில் துடைத்தாள், துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். உள்ளேயிருந்து அவன் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, நானும் வருகிறேன் என்றாள். மூன்று பேரும் நடந்தார்கள்.

நான்கு தெரு தள்ளி இருந்தது அந்த வீடு. ஒரே அறையும், பின்னால் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பும். கம்பியெங்கும் விடுதிப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. என்ன கேட்பது என்று அவனுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு, மழை பெய்தால் நனையுமா என்று கேட்டான். தரையைக் கொஞ்சம் உயர்த்திப் பூசியிருக்கிறோம், தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும் என்று காட்டினாள். யார் ஓட்டுவது என்று கேட்டான். தானும் புருஷனும் மாறி மாறி. மூன்றாவதாக ஒரு விடுதி கேட்டுக்கொண்டே இருக்கிறது, கை ஒழியாததால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் தாங்குமா என்று அவன் மனைவி கேட்டாள். போர்வைக்காரி சுவரில் புதிதாக மாட்டியிருந்த தடித்த ஒயரைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

சாய்ப்பின் மூலையில், தரையில், சுண்ணாம்பால் ஒரு கட்டம் வரைந்திருந்தது. மெஷினின் நீள அகலம். வரைந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும், ஆனால் ஒரு கோடுகூட அழியவில்லை. போர்வைக்காரியின் புருஷன் ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெறும் தரைதான். ஆனால் நேரே வராமல், கட்டத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கூடையை இறக்கினார்.