ஒரே மூட்டையில் கிடந்த சட்டை

மரச்சாமான் கடைக்குத் தீ வைத்தான் என்று தம்பியை உள்ளே தள்ளியதே அவன் சட்டைதான். அதில் பெட்ரோல் இருந்ததாக ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தது. சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டத் தெரியாதவன் சட்டையில் பெட்ரோல் எப்படி வந்தது? கேள்வி அக்காவுக்குப் பல்லில் மாட்டிய நார்போல உறுத்தியது. வீட்டில் கொடியில் கிடக்கும் சட்டைகளையெல்லாம் எடுத்து மோந்து பார்க்க ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுக்கு மோப்ப நாயே வேணாம்," என்றார் கணவர்.

மேல்முறையீட்டுக்கு முன் அந்தச் சட்டையைப் பார்க்க வக்கீலம்மா அனுமதி வாங்கினாள். காவல் நிலையத்தின் பின்கட்டில் சான்றுப் பொருள் அறை. சுவரோரம் வரிசையாகச் சாக்கு மூட்டைகள்.

"அக்கா, உள்ள நீங்க வாயே திறக்கக் கூடாது."

"வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு, வக்கீலம்மா. மூக்குக்கு யார் போடறது?"

அறைப் பொறுப்பாளருக்கு யாராவது பார்க்க வந்ததே பெருமை. "ஒரு கேசுக்கு ஒரு மூட்டை. முன்னால இருந்தவரு தனித்தனியா வெச்சு, ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் கேசுல சேத்துட்டாரு. என் கையில ஒரு குண்டூசி தொலைஞ்சதில்ல."

மூட்டையை அவிழ்த்தார். முதலில் வந்தது எரிந்த கடையருகே எடுத்த பெட்ரோல் கேன். மூடிக்குப் பதில் வாயில் கந்தல் துணி. அதன் அடியில் ஒரு காகித உறை, உறைக்குள் சட்டை. குப்பென்று அடித்தது நெடி.

அக்காவின் பூட்டு உடைந்தது. "சார், ஆய்வுக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடி இந்தச் சட்டை எங்க இருந்துச்சு?"

"இதே மூட்டையிலதாம்மா."

"கேனோடயா?"

"ஒரே கேசாச்சே!" என்றவர், சொன்ன பிறகுதான் கேனைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"இதையே கோர்ட்டுல சொல்வீங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"சொன்னா என் தலை உருளும்மா."

"என் தம்பி தலை ஏற்கெனவே உள்ள உருண்டுக்கிட்டு இருக்கு, சார்," என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவன் வைக்கலைன்னு ஆயிடுச்சில்ல?"

"இல்லக்கா. வெச்சான்னு சொல்ல அந்தச் சட்டையால முடியாதுன்னு ஆயிருக்கு. அவ்வளவுதான்."



மேல்முறையீட்டு விசாரணையன்று பொறுப்பாளர் கோர்ட்டுக்கு வந்தார், சலவை மடிப்புக் கலையாத சீருடையில். "சட்டையையும் கேனையும் ஒண்ணாத்தான் வெச்சேன், ஐயா. எதுவும் தொலையக் கூடாதுன்னு," என்று கூண்டில் நின்று உள்ளதைச் சொன்னார். சட்டையைத் தள்ளிவிட்டால் வழக்கில் மிச்சமே இல்லை. தண்டனை ரத்தானது.

வீடு திரும்பும் பேருந்தில் தம்பி மெல்லக் கேட்டான்: "நான் வெச்சேனான்னு நீ ஒரு தடவகூடக் கேக்கலியேக்கா?"

"இப்பக் கேக்கறேன். சொல்லு."

"வைக்கலக்கா."

அவன் முகத்தையே பார்த்தாள். "இதை அந்த மூட்டை சொல்லாதுடா. நீ சொல்லித்தான் கேக்கணும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், அவன் தோளில் மூக்கை வைத்தாள். சிறைச் சோப்பு வாசனைதான் அடித்தது.