எல்லாரும் தூங்கும் நாற்காலி

குழந்தை பிறந்து ஐந்து மாதத்தில் சலூன்காரனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம். மகள் அம்மா தோளில் மட்டும்தான் தூங்குவாள். அப்பன் கைக்கு வந்தாளோ, வீடு இரண்டுபடும்.

திங்கட்கிழமை மனைவி நர்ஸ் வேலைக்குத் திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் கடையை மூடிவிட்டு இவன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

“உங்ககிட்ட தூங்கலேன்னா நான் வேலைய விட்டுடறேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தணிந்த குரலில் சொன்னாள், பாவி மகள்! அது அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை பேக்கரிக்காரர் முடிவெட்ட உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு குறட்டை. கத்தரியோடு நின்ற இவனுக்கும் கண் சொக்கியது. கை தன்பாட்டுக்கு அவர் தோளைத் தட்ட, வாய் “ஜோ ஜோ... என் தங்கம்ல, தூங்கும்மா” என்றது.

பேக்கரிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “என்னப்பா, என்னைத் தொட்டில்ல போடப் போறியா?”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மன்னிச்சுக்கோங்கண்ணே, தூக்கக் கலக்கம்.”

“அட, விடு. வீட்ல படுத்தா எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது. இங்க உக்காந்தா அசந்துடறேன். நீ என்னதான் பண்றே?”

என்ன பண்ணுகிறான்? ஒன்றுமில்லை. இந்த நாற்காலியில் யாரையும் அவன் தூங்கச் சொன்னதே இல்லை. முடியைப் பார்ப்பான், வாய்க்கு வந்ததைப் பேசுவான். வீட்டிலோ, மகளின் இமையையே முறைத்துக்கொண்டு, ‘மூடேன், மூடித் தொலையேன்’ என்று உள்ளுக்குள் மன்றாடுவான். உடம்பெல்லாம் விறைத்துப் போயிருக்கும். பச்சைக் குழந்தைக்கு அது தெரியாதா என்ன!

அன்று மதியம் வீட்டுக்கு வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டான். இமையைப் பார்க்கவில்லை. படுத்துப் படுத்துப் பின்மண்டையில் முடி தேய்ந்திருந்தது. உச்சியில் இரட்டைச் சுழி. விரலால் மெல்லக் கோதினான்.

“வாங்க மேடம், ரொம்ப நாளா ஆளையே காணோம்? வெயில் என்ன போடு போடுது, பாத்தீங்களா? பின்னாடி குறைக்க ஒண்ணுமில்ல. சைடுல லேசா தட்டிவிடவா?”

மேடம் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள். பாயில் கிடத்தினான், உதடு ஒருமுறை பிதுங்கியது, அவ்வளவுதான்.

நிமிர்ந்தால், கதவருகே மனைவி.

“நானில்லாம தூங்கிட்டா” என்றாள். சிரிக்கத்தான் வந்தாள், கண் நிறைந்துவிட்டது. வேலைக்குப் போக ஆசைதான். ஆனாலும் பெற்றவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

அவன் எழுந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காருங்க மேடம்.”

கூந்தலில் விரல் பட்டு, வெயிலைப் பற்றிப் பேச்செடுப்பதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. “திங்கக்கிழமை தைரியமா போயிட்டு வா” என்று அவள் உச்சியைப் பார்த்துச் சொன்னான். கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள்.

அவனைத் தூங்க வைக்கத்தான் வீட்டில் ஆளில்லை. நின்றபடியே ஒரு கொட்டாவி விட்டான், சத்தம் வராமல்.