சும்மா இருக்கிறாளா என்று பார்க்க வந்தவர்

இரண்டாயிரத்து மூன்றில் அமெரிக்காக்காரன் பர்மாத் துணி வேண்டாம் என்றதும் எங்கள் தையல் ஃபேக்டரி படுத்துவிட்டது. திரும்பத் திறக்கும்வரை பாதிச் சம்பளம் தந்தார்கள். மாதாமாதம் கேட்டில் முகத்தைக் காட்டினால் போதும் என்றுதான் இருந்தது. சிலர் வீட்டில் மிஷின் போட்டுச் சம்பாதிப்பது தெரிந்ததும் புதுச் சட்டம் வந்தது. நாங்கள் ‘சயா’ என்று மரியாதையாகக் கூப்பிடும் ஆபீஸ்காரர் வீடு தேடி வருவார். தைத்துக்கொண்டிருந்தால் பணமும் போச்சு, திறக்கும்போது இடமும் போச்சு. என் வீட்டு அடுப்பு அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் எரிந்தது. அதனால் என் மிஷினை மூடியே வைத்திருந்தேன்.

அன்று காலை, ரங்கூனின் தாகேதாவில் எங்கள் சந்தில், மதீனா லாத்தா மௌத்தாகிவிட்டாள். ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து மிஷின்காரி, அக்கா முறையில் லாத்தா என்பேன். அவளை உள்ளே பெண்கள் குளிப்பாட்ட, நான் அவள் வீட்டு முன்னறையில் அடக்கத்துக்கான கபன் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். சந்தில் எந்தப் பெண் போனாலும் கபன் வெட்டுவது நான்தான்.

என்னை வீட்டில் தேடிவிட்டு ஆபீஸ்காரர் ஊ பா டின் அங்கே வந்து நின்றார். என் கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரி. மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஃபக்ருன்னிசா! கையும் களவுமா மாட்டிக்கிட்டியே. யாருக்கு இது?” என்றார் பர்மியில்.

“மதீனா பீவிக்கு, சயா.”

“அவளும் பாதிச் சம்பளக்காரிதானே! ரெண்டு பேரும் கூட்டா? கூப்பிடு அவளை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“அவ வரமாட்டா. உள்ள குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. இதைச் சுத்தித்தான் அவளை அடக்கம் பண்ணுவோம்.”

ஊ பா டின் செருப்பைக் கழற்றினார்.

“கூலி...?” என்றார், பழக்க தோஷத்தில்.

“இதுக்குக் கூலி வாங்கினா சந்துல ஒருத்தி என் மூஞ்சியில முழிக்கமாட்டா. எனக்கு வேலை இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினார். பட்டியலில் அடுத்து இருந்த மதீனா பெயரில் பேனா நின்றது.

“இவளுக்கு?”

“இவளும் நேத்துவரைக்கும் சும்மாதான் இருந்தா, சயா. இந்த மாசப் பணத்தை அவ மககிட்டக் குடுத்துடுங்க. புதுச் சட்டத்துல அதுக்குத் தடை இருந்தா இங்கேயே சொல்லுங்க, அவ காதுல விழட்டும்.”

அவர் உள்ளறைத் திரையைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு எழுதினார்.

நான் குனிந்து மிச்சத்தை வெட்டினேன். கண் மறைத்தது, ஆனாலும் லாத்தாவின் துணியில் ஒரு வெட்டுகூடக் கோணவில்லை.