எங்கேயும் போகாத சாலை

மலையடி ஊருக்குப் போகிற ஒரே தார்ச்சாலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி போன பிறகு எழுந்து போய்விட்டது. கிலோமீட்டர் கற்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. காரணம் ஊரறிந்தது. முந்தின நாள், குழிகளை அடைக்கச் சொல்லிக் கெஞ்சிய பஸ் டிரைவரிடம் சாலைப் பொறியாளர் நடுரோட்டில் நின்றுகொண்டே, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்யா, ரோடு எங்க போயிடப் போகுது?" என்று சொல்லித் தொலைத்தார். வருஷக்கணக்காக ஆபீசுக்குள் சொல்லிவந்ததுதான். சாலையின் காதில் விழும்படி சொன்னது அன்றுதான்.

வேறு ஊராக இருந்தால் கையை விரித்திருப்பார். மலையடியில் அவருடைய ஒரே மகள் நிறைமாதமாக இருந்தாள். "மாமா, வலி எடுத்துடுச்சு, ஆம்புலன்ஸ் எது மேல வரும்?" என்று மாப்பிள்ளை போனில் கேட்டபோது மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாலை ஏரிக்கரை மர நிழலில் படுத்திருப்பதாக ஆடு மேய்ப்பவர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் குழி, ஓரமெல்லாம் அரிப்பு, பார்க்கச் சகிக்கவில்லை. "தெரியாம சொல்லிட்டேன், என் பொண்ணுக்காக வா, எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்" என்றார். சாலை அசையவில்லை, இதைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுச் சலித்திருந்தது. அதன் பிறகுதான் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டு மண்வெட்டியை எடுத்தார். ஆட்கள் ஜல்லி கொட்டினார்கள், தார் காய்ச்சினார்கள், ரோலர் ஏறி இறங்கியது. முதல் பிரசவம், நேரமெடுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதபடியே குழி குழியாக அடைத்தார்.

சாயங்காலம் ஆம்புலன்சை மேலே ஏற்றி நிறுத்தியதும் சாலை சோம்பல் முறித்து எழுந்தது. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. சாலையே வயல்களைத் தாண்டி வீட்டு வாசலுக்குப் போய், மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பழைய இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை என்றாள் மகள். பெண் குழந்தை, நல்ல எடை.

இப்போதெல்லாம் மழைக்கு முன்பே பொறியாளர் ஆட்களோடு வந்து பக்கக் கால்வாயைத் தூர்வாருகிறார். சாலையும் வசதியாகக் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது வண்டியை நிறுத்தி, "சார், இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்டால், அவர் குனிந்து சாலையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எங்கயும் போகல" என்கிறார்.