வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி

பதினோரு வருஷம் உப்பு பூத்துக் கிடந்த டாலி ஏரி, மார்ச் மாதத்துப் பேய்மழையில் நிரம்பியது. பத்தே நாளில் நெடுங்கால் உள்ளான் பறவைகள் வந்து இறங்கின. அத்தனை தூரத்துக் கடற்கரையில் இருந்தவற்றுக்கு இந்தப் பாலைவனத்தில் தண்ணீர் நிற்பது எப்படித் தெரிந்ததோ! ஏரித் திட்டெல்லாம் முட்டை. பின்னாலேயே வந்த கடற்காகங்கள் அவ்வளவையும் தின்று தீர்த்தன.

ஏரி இருந்தது வில்மாவின் மாட்டுப் பண்ணையில். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளான்கள் விடவில்லை. பக்கத்துக் குட்டையின் திட்டில் மறுபடி முட்டையிட்டன. குஞ்சு பொரித்த சமயம் பார்த்துக் குட்டை வற்றிவிட்டது.

மே மாதக் காலையொன்றில் மாட்டுத் தொட்டியைப் பார்க்கப் போன வில்மா வண்டியை நிறுத்தினாள். வெள்ளைப் பஞ்சுருண்டைகளாய் ஆயிரம் குஞ்சுகளாவது இருக்கும். நாலைந்து பெரிய பறவைகள் முன்னால் போக, ஏரியை நோக்கிச் செம்மண்ணில் நடந்துகொண்டிருந்தன. குறுக்கே கம்பிவலை வேலி. காட்டுநாய்களைத் தடுக்க அவள் தம்பி டட்லி போட்டது. பெரியவை பறந்து தாண்டி அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டன. குஞ்சுகள் வலையில் முட்டி முட்டிக் குவிந்தன. மேலே கடற்காகங்கள் வட்டமிடத் தொடங்கின.

வில்மா வண்டி ரேடியோவில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டட்லி, உன் வேலிய வெட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? மூணு வாரம் முதுகு ஒடியப் போட்டது! மாடெல்லாம் ஓடிப்போயிடும்க்கா."

"மாடு ஓடினா நீ பிடிச்சுக்குவ. இந்த உள்ளான் குஞ்சுக போச்சுன்னா மறுபடி எந்த மழைக்கு வருமோ!"

"கை வச்சுப் பாரு, வந்துட்டே இருக்கேன்!"

"வா. வரும்போது இன்னொரு குறடு கொண்டா."

டட்லி வந்து சேர்வதற்குள் இருபதடி வலையை வெட்டிச் சுருட்டியிருந்தாள். உள்ளங்கையில் ரத்தம். தொப்பியைச் சுழற்றிக் கடற்காகங்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். கத்த வாயெடுத்த டட்லி, தன் பூட்ஸை உரசிக்கொண்டு நடந்த குஞ்சுகளைப் பார்த்து அசையாமல் நின்றான். பிறகு வண்டியிலிருந்த தகர டப்பாவை எடுத்து, காது கிழியத் தட்டிக்கொண்டே கடற்காகங்கள் மேல் பாய்ந்தான்.

உச்சி வெயிலுக்குள் கூட்டம் முழுவதும் தண்ணீரில் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் குஞ்சுகள் உப்புநீர் இறாலைக் கொத்தித் தின்றன. கடைசியாக நொண்டி நொண்டி வந்த ஒன்றும் நீந்தத் தொடங்கியபோது, வில்மா தொப்பியை வானத்தில் வீசிக் கூவினாள்.

"சரி சரி, வேலிய எப்ப கட்டுறதாம்?" என்றான் டட்லி.

"நாளைக்கு."

அவன் குட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். செம்மண்ணில் இன்னொரு வெள்ளைக் கூட்டம் புறப்பட்டிருந்தது.

"நாளைக்கு முடியாதுக்கா" என்று டப்பாவை மறுபடி கையிலெடுத்தான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."